தோன்றா எழுவாய்

அட்டைக்கு நாற்பது சொல்.
அதற்கு மேல் போனால் யாரும் நின்று படிப்பதில்லை
என்று சொல்லிவிட்டார்
சென்னையிலிருந்து வந்த வடிவமைப்பாளர்.
அட்டைக்கு நூற்றைம்பது ரூபாய் எனக்கு.

மன்னார்குடிப் பழைய கருவூலக் கட்டிடத்தில்
இயக்குநர் உத்திராபதியின் முப்பத்தாறு ஆண்டுகள்.
முதல் அறையில் பள்ளிச் சான்றிதழ்.
தமிழில் முப்பத்தெட்டு மதிப்பெண்,
மறைக்க வேண்டாமென்று அவர் மகளே சொன்னார்.
இரண்டாம் அறையில் மடக்கு நாற்காலி,
வெற்றிலைக் கறை படிந்த வசனத் தாள்கள்,
தணிக்கையில் வெட்டிய ஒன்பதடி பிலிம்
விளக்குப் பெட்டியின் மேல்
உலர்ந்த பாம்புச்சட்டை மாதிரி.

மூன்றாம் அறையில்தான் அந்தப் படம்.
சுவரளவு.
பாமணியாற்று மணலில் ஒருத்தி நிற்கிறாள்,
இடுப்பில் பிள்ளை.
இடது ஓரத்தில்
நுரையையும் சருகையும் முன்னே தள்ளிக்கொண்டு
நாக்கு நீட்டி வருகிறது தண்ணீர்.
அவள் இன்னும் பார்க்கவில்லை.

நான் எழுதிய அட்டை இப்படி முடியும்:
'இந்த ஒரு காட்சிக்காகப் பதினொரு நாள் காத்திருந்தார்.
பன்னிரண்டாம் நாள் விடியலில் தண்ணீர் வந்தது.'
மொத்தம் முப்பத்தொன்பது.
ஒரு சொல் மீதி வைத்ததில்
எனக்குக் கொஞ்சம் கர்வம்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்,
ஏணி மேல் எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருக்க,
ஒருவர் உள்ளே வந்தார்.
நாளைக்குத்தான் டிக்கெட் என்றேன்.
"டிக்கெட்டுக்கு வரலம்மா."
அந்தச் சுவருக்குப் போனார்,
அட்டையை விரல் வைத்துப் படித்தார்.
"தண்ணி எப்படி வரும்?
தொறந்தாத்தான் வரும்."

பெயர் வைரக்கண்ணு.
மூணாறு தலைப்பில் லஸ்கராக இருந்தவர்.
மேட்டூர் பாதி கூட நிரம்பாத வருஷம்,
முறை வைத்துத் தண்ணீர்.
அன்று வெண்ணாற்று முறை.
பாமணிக்கு எப்போது என்று
இன்ஜினியருக்கே தெரியாது.
ராத்திரி இரண்டு மணிக்கு ஜீப் வந்தது.
"காசு வாங்கல. வாங்கியிருந்தா
இத்தனை நாள் உறுத்தியிருக்காது.
அவர் கேட்ட விதம் அப்படி."
இரண்டு ஷட்டர்.
கைப்பிடி எழுபது சுற்று.
நாலு மணி நேரம்.
கடைமடையில் நடவு நின்றது,
யாரோ மனுப் போட்டார்கள்,
ஏழு மாதம் சஸ்பெண்ட்.

படம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.
"ரெண்டு தடவ.
இந்த எடத்துல எல்லாரும் கை தட்டுனாங்க.
கடைமடைக்காரன் எவனாச்சும்
பக்கத்து சீட்டுல இருக்கானான்னு
நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

உங்கள் பெயரைப் போடவா?
"ஐயோ வேணாம். பென்ஷன்ல கை வச்சிருவான்.
அந்த 'வந்தது'வ மட்டும் பாரு."

பார்த்தேன், ராத்திரி முழுக்க.
'திறக்கப்பட்டது' என்றால் அரசாணை வாடை.
'திறந்தார்' என்றால்
மேல் வரியில் நிற்கும் உத்திராபதியே
ஷட்டர் சுற்றியதாக ஆகிவிடும்.
கடைசியில் பஸ்ஸில் கேட்ட பேச்சு கைகொடுத்தது.
ஆனி பிறந்தால் இங்கே எல்லாரும் சொல்வது:
தண்ணி தொறந்துட்டாங்க.
யார் என்று கேட்பாரில்லை.
ஆனால் யாரோ இருக்கிறார்கள்.
தோன்றா எழுவாய் என்று
எட்டாம் வகுப்பில் படித்தது.

'தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.'
மறுபடி அச்சடிக்க முந்நூறு ரூபாய்.
ஒரு சொல்லுக்கா என்றார் வடிவமைப்பாளர்.
என் கணக்கில் இரண்டு அட்டை கழித்துக்கொண்டார்.

விழா நடந்தது. அமைச்சர் மூன்றாம் அறைக்கு வரவில்லை.
வைரக்கண்ணுவும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை
அட்டையின் அடியில், நீலப் பேனாவில்,
கோணல் எழுத்தில்:
'யாரோட முறையில?'

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்,
பாட்டில் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.
இன்று ஞாயிறு.
வெளியே செருப்பு விடும் சத்தம்
இப்போதே தொடங்கிவிட்டது.